தேன் போத்தல் அளவுக்கு

பைறூஸ் மச்சான் என் மூத்த சகோதரி நஃப்லா ராத்தாவைக் கலியாணம் முடித்து எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தபோது ஒரு பெட்டி உடுப்பும், ஒரு தொழுகைப் பாயும், ஒரு கடைசல் மெசினும் கொண்டுவந்தார். முதல் இரண்டையும் உம்மா அறைக்குள் வைத்தார். மூன்றாவதற்கு இடம் இல்லை. கோழிக்கூட்டை என் யன்னலடிக்கு நகர்த்திவிட்டு, அது நின்ற இடத்தில் மெசினை இருத்தினார்கள். அன்றிலிருந்து என்னைக் காலையில் எழுப்புவதற்கு இரண்டு ஆட்கள். வெள்ளிக்கிழமை லீவு எடுப்பது மெசின் மட்டும்தான்.

மெசின் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எரிந்துபோன தண்ணீர்ப் பம்பின் மோட்டரைத் திரும்பச் சுற்றி எடுத்து, இரண்டு இரும்புச் சட்டத்தின் மேல் மச்சானே பூட்டியது. மரத்துண்டு சுழலும், இவர் உளியைப் பிடிப்பார், தூள் பறக்கும், அவ்வளவுதான். ஆனால் சட்டம் கட்டை. ஒரு முழத்துக்குமேல் நீளமான எதையும் அதில் பூட்ட முடியாது. கட்டில் கால் கடையச் சொல்லி வந்தவர்களை எல்லாம் மச்சான் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார். தண்ணீரூற்று என்ற எங்கள் ஊரில் ரொட்டி சின்னனாக இருப்பதற்கு அவர் கடைந்த உருட்டுக்கட்டையும் ஒரு காரணம்.

தொண்ணூறாம் ஆண்டு எங்கள் ஆட்களை வடக்கிலிருந்து விரட்டியபோது அவருடைய குடும்பம் போய்ச் சேர்ந்த புத்தளத்தில்தான் அவர் பிறந்தார். இருபது வயதுவரை வளர்ந்ததும் அங்கேதான். அப்படிப்பட்ட ஒருவரை இங்கே எல்லோரும் "திரும்பி வந்தவர்" என்கிறார்கள். எங்கே போயிருந்தார், எங்கே திரும்பினார் என்று அவருக்கே விளங்காது. அவருடைய வாப்பாவின் பழைய காணியைக் காட்டி "இதுதான் உன்ட ஊர்" என்றார்களாம். இவர் "ஓம்" என்றாராம். அவருக்குத் தெரிந்த பெரிய சொல் அதுதான்.

எனக்கு அது பெரிய பிரச்சினை. நான் ஊரில் எல்லோருக்கும் குரங்குச் சேட்டை காட்டிப் பெயரெடுத்தவள். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் என்னை இரண்டு தரம் விழுத்தியது. அதன் கோபத்தை மனிதர்கள்மேல் காட்டிக்கொண்டு திரிகிறேன். மச்சான் வந்த முதல் கிழமையே அவருடைய தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதில் உப்புப் போட்டேன். முழுவதையும் குடித்துவிட்டு, "இன்னொரு கப் இருக்கா புள்ள?" என்று கேட்டார். மனிதன் கோபப்பட்டால்தானே விளையாட்டுக்கு ருசி. இவரோடு விளையாடுவது கோல்கீப்பர் இல்லாத கோலுக்குப் பந்தடிப்பது மாதிரி. நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.

இப்படியே போயிருக்கும். ராத்தா பிள்ளைத்தாச்சியானார். உருட்டுக்கட்டையை நம்பி ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது என்று மச்சானுக்குத் தோன்றிவிட்டது. கட்டாரில் இருக்கும் சிநேகிதன் ஒருவன் மூலம் வேலை பார்த்து, விசாவும் வந்துவிட்டது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு போக வேண்டும். பிள்ளை பிறக்கும்போது அவர் இருக்க மாட்டார். ராத்தா இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழும்பத் தொடங்கினார், அவ்வளவுதான்.

நான் ஒன்று செய்தேன். அலுமாரியில் இருந்த அவருடைய பாஸ்போட்டை எடுத்து நெல் பீப்பாவுக்குள் முழங்கை மட்டும் கையை விட்டுப் புதைத்தேன். பாஸ்போட்டை ஒளித்தால் பிளேன் நின்றுவிடும் என்பது என் கணிப்பு. கணிதத்தில் விழுந்தவளின் கணிப்பு அப்படித்தான் இருக்கும். மச்சான் பதறுவார், வீட்டைக் கவிழ்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் தேடவே இல்லை. வழக்கம்போல் என் பந்து வேலிக்கு வெளியே போய்விட்டதென்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் யதுர்ஷிகா அக்கா வந்தார். கிளிநொச்சியில் பெருவீதியோரம் அவருக்கு ஒரு கடை இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஊர் பார்க்க வருகிறவர்களுக்குத் தேன், நல்லெண்ணெய், பனங்கட்டி எல்லாம் அழகான போத்தலிலும் பெட்டியிலும் விற்பார். மச்சான் பனங்குத்தியில் விளையாட்டாகக் கடைந்து வைத்திருந்த ஒரு பொருளை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். அதை நான் பம்பரம் என்று நினைத்து முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் அது போத்தல் மூடி.

"தம்பி, இது வடிவாயிருக்கு," என்றார் யதுர்ஷிகா அக்கா. "என்ர தேன் போத்தலுக்கு ஒரு சாக்கு மூடி வேணும். சரிவந்தா மாசாமாசம் எடுப்பன்."

"ஓம்," என்றார் மச்சான்.

அவர் போனபிறகு மச்சான் ராத்தாவிடம் சொன்னதை நான் யன்னலடியில் நின்று கேட்டேன். கோழிகளும் கேட்டன. "இது சரிவந்தா நான் போகமாட்டன், நஃப்லா." அவர் ஒரேயடியாக அவ்வளவு சொற்கள் பேசி அன்றுதான் கேட்டேன்.

வேலை தொடங்கியது. பனை மற்ற மரங்களைப்போல இல்லை. அது மரமே இல்லை, தும்புக் கட்டு என்பார் மச்சான். உளியைச் சற்று அழுத்தினால் தும்பு கிளம்பி விளிம்பு உடைந்துவிடும். பூனைக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி மெதுவாகப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் மங்கல் மஞ்சளில் கறுப்புக் கோடுகள் மழை பெய்கிற மாதிரி வரும். குத்திகள், கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வந்த, சண்டைக் காலத்துப் பழைய பங்கர்க் கூரை. மெசினில் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டின் மேலும் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத் தடவிப் பார்ப்பார். காந்தம் ஒட்டினால் அந்தத் துண்டு வேலிக்கரைக்குப் போகும். உள்ளே குண்டின் இரும்புச் சன்னம் இருந்து உளியில் பட்டால் உளியும் போய்விடும், கண்ணும் போய்விடும்.

மூடியின் தலை கும்பம் மாதிரி, மொட்டு மாதிரி, பள்ளிவாசல் கூம்பு மாதிரி. போத்தலுக்குள் போகும் வாலில் இரண்டு தவாளிப்பு, சுற்றிவரப் பள்ளம். அந்தத் தவாளிப்பில் பழைய சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி, இரட்டைச் சுற்றாக மாட்டிவிடுவார். அதுதான் காற்றுப் போகாமல் பிடிக்கும்.

எல்லாம் சரி. அளவு?

யதுர்ஷிகா அக்கா மாதிரிக்கு ஒரு போத்தலைப் பஸ்ஸில் அனுப்பியிருந்தார். பார்சலைத் திறந்தபோது அது தேன் ஊற்றுகிற நிலையில் இல்லை, தும்புத்தடியால் கூட்டி அள்ளுகிற நிலையில் இருந்தது.

"இன்னொண்டு அனுப்பச் சொல்லுங்கோவன்," என்றார் ராத்தா.

"வேணாம். முதல் முதலே குறை சொல்லுற மாதிரிப் போகும்," என்றார் மச்சான்.

"தேன் போத்தல்தானே," என்றார் உம்மா. "நம்மட்ட இருக்கே."

இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் குசினித் தட்டில் அந்தத் தேன் போத்தல் இருக்கிறது. தேன்காரர் காட்டிலிருந்து வந்தால் அதில்தான் ஊற்றுவார். நான்கு பேரும் அதைப் பார்த்தோம். தேன் போத்தல் என்றால் இதுதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் மட்டும் அறிவைக் காட்டுவதற்காக, வாயின் சுற்றளவை நூலால் எடுத்து விட்டத்தைக் கணக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன். என் கணக்கின்படி மூடி தேங்காய் அளவு வந்தது. மச்சான் ஒரு குச்சியைப் போத்தல் வாய்க்குள் விட்டு, சரியாக இறுகிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார்.

சாக்கு நிறைந்தது. யதுர்ஷிகா அக்கா வேன் பிடித்து வந்து இறங்கினார். கையில் தன் கடைப் போத்தல், சதுரமானது, அகல வாய். மச்சான் ஒரு கும்ப மூடியை எடுத்து அதில் வைத்தார். மூடி கிணற்றுக்குள் விட்ட வாளி மாதிரி ஆடியது. இன்னொன்றை வைத்தார். அதுவும் ஆடியது. பெரிதாக இருந்தால் கடைந்து சிறிதாக்கலாம். சிறிதானதைப் பெரிதாக்க எந்த மெசினாலும் முடியாது.

"எந்தப் போத்தல்ல அளவெடுத்தனீங்கள்?"

உம்மா பெருமையோடு தேன் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். யதுர்ஷிகா அக்கா அதைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். அடியோரத்தில் எழுதியிருந்ததை வாசித்தார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"அம்மா, இது சாராயப் போத்தலெல்லோ."

வீட்டில் கோழி மட்டும்தான் பேசியது. மச்சான் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். எங்களுக்குத் தெரியாது என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்தோம். லேபிள் கழுவி வந்தது, உள்ளே தேன் இருந்தது, அதற்குமேல் போத்தலின் முற்பிறவியை யார் விசாரிக்கிறார்கள்.

யதுர்ஷிகா அக்கா நல்லவர். பிழை ஆருடையதும் இல்லை, பஸ்ஸினுடையது என்றார். ஆனால் அவருக்கு அந்தக் கிழமையே சாமான் வேண்டும், இப்போதைக்கு வேறு மூடி பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். சாக்கு முற்றத்தில் நின்றது. ராத்தா உள்ளே போனார். மச்சான் மெசினைத் துடைக்கத் தொடங்கினார். எண்ணெய் பூசி, சாக்கால் மூடி, கயிற்றால் கட்டினார். கட்டாருக்குப் போகிற மனிதன் வேறு எப்படி மூடுவான்.

உம்மா குசினிக்குள் நின்று தன்பாட்டில் வாதாடிக்கொண்டிருந்தார். "சாராயப் போத்தலாம். எந்த வீட்டில இல்ல அது? எண்ணெய் எதில இருக்கு? மண்ணெண்ணெய் எதில இருக்கு? அவட வீட்டுக் குசினியத் திறந்து பார்க்கச் சொல்லு. என்னமோ நான் மட்டும்..."

நான் உம்மாவைப் பார்த்தேன். பிறகு சாக்கைப் பார்த்தேன். பிறகு வெளியே ஓடிப்போய் மச்சான் கட்டிய கயிற்றை அவிழ்த்தேன்.

"என்ன புள்ள செய்யிற?"

"மச்சான், முல்லைத்தீவில அந்தப் போத்தல் இல்லாத வீடு ஒண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அவர் யோசித்தார். நேர்மையான மனிதன், உண்மையிலேயே ஒவ்வொரு வீடாக யோசித்தார். பிறகு, "ஓம்," என்றார்.

பொங்கலன்று பின்னேரம் வற்றாப்பளைக்குப் போகிற வீதியோரத்தில் எங்களுக்கு ஒரு மேசை கிடைத்தது. ஒரு பக்கம் நிலக்கடலை வறுத்து விற்கிற கச்சான் கடை, மறு பக்கம் வளையல் கடை. மூடிகளைப் பரப்பினோம். சனம் வந்தது, பார்த்தது, பிள்ளைகள் பம்பரம் என்று கேட்டார்கள், தாய்மார் இல்லை என்று இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் வாங்கவில்லை. மச்சான் சாமான் விற்கிற விதம் அப்படி. யாராவது எடுத்துப் பார்த்தால் இவர் வெட்கப்பட்டு மறுபக்கம் திரும்பிவிடுவார்.

அசர் தொழுகைக்கு நேரமாகியது. "கொஞ்சம் பாத்துக்கொள், வாறன்," என்று போனார்.

மேசை என் கைக்கு வந்தது. அதுதான் அவர் செய்த பிழை.

மூடியை மட்டும் காட்டினால் பம்பரம் என்பார்கள். போத்தலோடு காட்ட வேண்டும். மாதிரிக்குக் கொண்டுவந்த வெறும் போத்தல் ஒன்று இருந்தது. வெறும் போத்தலில் என்ன தெரியும்? உள்ளே எதையாவது ஊற்றித் தலைகீழாகப் பிடித்தால், ஒரு சொட்டும் விழாவிட்டால், சனம் வாயைப் பிளக்கும். தண்ணீர் தூரத்துக்குத் தெரியாது. தேன் கட்டுபடியாகாது. கச்சான் கடைக்காரரிடம் பாலில்லாமல் இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணி ஒரு கேத்தல் நிறைய இருந்தது. நல்ல பொன் நிறம். வாங்கிக் கழுத்துவரை ஊற்றினேன். உள்ளதில் இறுக்கமான மூடியாகப் பார்த்து, என் பாரம் முழுவதையும் போட்டு அமத்தினேன்.

நான் நினைத்தது நிறத்தை மட்டும்தான். அது வேறு எதன் நிறம் என்பது, போத்தலைத் தலைக்குமேல் தூக்கி, "ஒரு சொட்டு விழாது, வாங்கோ, வந்து பாருங்கோ," என்று கத்திக்கொண்டிருந்தபோதுகூட எனக்கு ஓடவில்லை. சனம் வந்தது உண்மை. ஆனால் ஆம்பிளைகள் மட்டும் வந்தார்கள். வந்தவர்கள் மெதுவான குரலில் விலை கேட்டார்கள். மூடிக்குத்தான் கேட்கிறார்கள் என்று நானும் மெதுவான குரலிலேயே சொன்னேன். இவ்வளவு மலிவா என்று இரண்டு பேர் திகைத்தார்கள்.

அப்போது மச்சான் திரும்பி வந்தார். தனியாக இல்லை. கூடவே, ஊரே அண்ணன் முறை சொல்லி அழைக்கிற கலந்தர் காக்கா.

கலந்தர் காக்கா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். முள்ளியவளையில் தேன், நெய், மருந்துச் சரக்கு விற்கிற பெரிய கடை அவருடையது. வெள்ளை ஜுப்பா, அத்தர் வாசம். ஊர் இளசுகளைக் கண்டால் தோளில் கைபோட்டுக் கதைப்பார். பாசத்தில் இல்லை, சிகரெட் மணக்கிறதா என்று பார்க்க. அவர் என்னைப் பார்த்தார். என் தலைக்குமேல் இருந்ததைப் பார்த்தார். மச்சானின் முகம் பனங்குத்தி நிறத்துக்கு வந்தது.

"என்ன அது?" என்றார் காக்கா.

"தேத்தண்ணி," என்றேன்.

"தேத்தண்ணி."

"ஓம் காக்கா. இஞ்சி போட்டது."

"தேத்தண்ணி போத்தல்லயா குடிக்கிற நீங்க?" மச்சான் பக்கம் திரும்பினார். "பைறூஸ், நீ சொல்லு."

மச்சான் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே சொல் இந்த இடத்துக்குப் பொருந்தாது என்று அவருக்கே தெரிந்து மூடிக்கொண்டார்.

"கொண்டா இங்க," என்று காக்கா போத்தலைப் பறித்தார். "நான் மணந்து பாக்கிறன்."

மூடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. முறுக்கினார். வரவில்லை. ரியூப் வளையம் ஒரு பக்கம் பிடித்திருக்க, தேத்தண்ணி குடித்துப் பனையும் ஊதியிருந்தது. போத்தலை இரண்டு முழங்காலுக்கும் இடையில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து இழுத்தார். வீதியால் போன சனம் நின்றது. வெள்ளை ஜுப்பா போட்ட ஒரு பெரிய மனிதர், கோயில் வீதியில், சாராயப் போத்தலோடு மல்லுக்கட்டுகிறார். நிற்காமல் யார் போவார்கள். கச்சான் கடைக்காரர் கச்சான் வறுப்பதை விட்டுவிட்டார்.

பொங்கல் பானையோடு போய்க்கொண்டிருந்த ஒரு மனிசி அருகில் வந்தார். அவர் பெயர் வீரம்மா என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். "ஐயா," என்றார் மிகவும் தன்மையாக, "அம்மாளாச்சி கோயிலடியெல்லோ. அவசரமெண்டா அங்கால ஒழுங்கைக்குள்ள போய்க் குடியுங்கோவன்."

காக்காவின் முகத்தை நான் சொல்ல மாட்டேன். எனக்கும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது. அவர் கடைசித் தரமாக ஒரு இழுவை இழுத்தார். டொப் என்று மூடி கழன்றது. தேத்தண்ணி எழும்பி அவருடைய நெஞ்சில் பொன் நிறமாகப் படர்ந்தது.

அவர் மணந்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு போத்தலை வீரம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நீங்களே மணந்து பாருங்கோ தங்கச்சி."

வீரம்மா மணந்தார். "தேத்தண்ணிதான்," என்று நின்ற சனத்துக்குத் தீர்ப்புச் சொன்னார். "இஞ்சியும் போட்டிருக்கு." மெதுவான குரலில் விலை கேட்டவர்கள் கலைந்து போனார்கள். வீரம்மா போகவில்லை. காக்காவின் கையில் இருந்த மூடியை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு இறுக்கமோ? என்ர நல்லெண்ணெய்ப் போத்தலுக்குக் கடுதாசி சுருட்டித்தான் அடைக்கிறனான். எறும்பு விடுகுதில்லை. இது போத்தலுக்குச் சரிவருமோ பிள்ளை?"

"எந்தப் போத்தல் அக்கா?"

வீரம்மா கொஞ்சம் தயங்கினார். காக்காவின் ஜுப்பாவைப் பார்த்தார். "உதே போத்தல்தான்," என்றார்.

அவர் இரண்டு வாங்கினார், ஒன்று எண்ணெய்க்கு, ஒன்று மண்ணெண்ணெய்க்கு. பக்கத்தில் நின்ற மனிசி ஒன்று வாங்கினார். காக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஜுப்பா நனைந்திருந்தாலும் உள்ளே இருந்தது வியாபாரி. மூடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கறுப்புக் கோடுகளை நகத்தால் தடவினார்.

"நீ கடைஞ்சதா?" என்று மச்சானைக் கேட்டார்.

"ஓம்."

"இந்தப் புள்ளைக்குப் புத்தி கித்தி கிடையாதா? சனம் என்ன நினைக்கும்? அந்தப் போத்தலத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு..."

"காக்கா," என்றேன், "உங்கட கடைத் தேன் எந்தப் போத்தல்ல வருது?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பரீட்சை மண்டபத்தில்கூட அப்படி ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. கச்சான் கடைக்காரர் திடீரென்று மிகவும் சத்தமாகக் கச்சான் வறுக்கத் தொடங்கினார்.

"உன்னட்ட ஆர் கேட்டது," என்றார் காக்கா. பிறகு மச்சானிடம், குரலைத் தணித்து: "நாளைக்குக் கடைக்கு வா. தேனுக்கும் நெய்க்கும் எல்லாத்துக்கும் செய்யோணும். மாசாமாசம். ஆனா ஒண்டு, இவ்வளவு இறுக்கம் வேணாம். கிழவிமாரும் இழுத்துத் திறக்கோணும். எனக்கே இந்தப் பாடு."

மச்சான் ஓம் என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். தொப்பி விழுந்துவிட்டது. குனிந்து எடுத்து நிமிர அவருக்கு வழக்கத்தைவிட நேரம் பிடித்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மூடிகளை வரிசையாக அடுக்கினேன்; எனக்கும் கண்ணில் கச்சான் புகை.

வீட்டுக்கு வந்ததும் மச்சான் படலையடியில் நின்று போனில் சிநேகிதனோடு கதைத்தார். கட்டாருக்கு வேறு ஆளைப் பாருங்கோ என்றார். ராத்தா அன்று இரவு சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். உம்மா குசினித் தட்டில் இருந்த தேன் போத்தலைக் கழுவி, துடைத்து, கூம்பு மூடி ஒன்றைப் போட்டு, அதே இடத்தில் வைத்தார். அடியோரத்தில் எழுதியிருப்பது சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்த நாள் மச்சான் காக்காவின் கடைக்குப் போன நேரம் பார்த்து, நான் நெல் பீப்பாவின் மூடியைத் திறந்தேன். இனி அந்தப் பாஸ்போட்டை அலுமாரியிலேயே வைத்துவிடலாம். முழங்கை மட்டும் கையை விட்டுத் துழாவினேன். நான் புதைத்தபோது அது வெறும் பாஸ்போட். கைக்கு வந்தது ஒரு பொட்டலம். நெல் ஈரமும் பூச்சியும் படாமல் நீல நிறச் சொப்பிங் பையில் நாலு மடிப்பாகச் சுற்றியிருந்தது. சுற்றியதன் மேல் ஒரு கறுப்பு வளையம். சைக்கிள் ரியூப்பில் வெட்டி, இரட்டைச் சுற்றாக மாட்டியது.

வளையத்தை விரலால் ஒருமுறை இழுத்து விட்டேன். பிறகு அதை எடுத்த இடத்திலேயே வைத்து, மேலே நெல்லைத் தள்ளி, மூடியைப் போட்டேன். மத்தியானம் மச்சான் வந்தபோது தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன மச்சான்?"

"ஒண்டுமில்ல," என்றார். "சீனி போட்டிருக்கிறாய்."